கழிவு செய்வதற்கு முன்

ஓர் அரசுப் பொருளைப் பழுதுபார்க்க ஆகும் செலவு, அதே போன்ற புதிய பொருளின் விலையில் பாதியைத் தாண்டுமானால், அதைப் பழுதுபார்க்கக் கூடாது. கழிவு செய்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். நான் வேலை பார்த்த துறையின் பண்டகப் பிரிவில் இதுதான் விதி. இந்த விதியைக் கொண்டு நாற்காலி, மின்விசிறி, தட்டச்சுப் பொறி, ஜீப் என்று எத்தனையோ பொருள்களுக்கு இறுதி மரியாதை செய்திருக்கிறேன். ஒரு முறை, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன குதிரை வண்டி ஒன்றையும் கழித்தேன். குதிரை எப்போதோ போய்விட்டிருந்தது. வண்டி மட்டும் ஆண்டுதோறும் இருப்புப் பதிவேட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த விதிக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொன்று உண்டு. கழிவு செய்யப்படும் அலமாரி, மேசை போன்றவற்றுக்குள் இருப்பதை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். இதை யாரும் படிப்பதில்லை. படிக்காததால் ஏலத்தில் போன அலமாரிகளோடு எவரெவருடைய பணிப் பதிவேடுகளெல்லாம் போயின என்று தனியாக ஒரு புத்தகம் எழுதலாம்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு கத்திரி வெயிலில் எங்கள் வீட்டுக் கணினி நின்றுபோனபோது, நான் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. விதியை மறக்கும் அளவுக்கு ஆகியிருக்கவில்லை.

மகன் பொறியியல் படித்த காலத்தில் வாங்கிய கணினி அது. அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது, பழைய லுங்கியை விட்டுப்போவது போல அதையும் எங்களிடம் விட்டுப்போனான். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னல் கம்பிகளைத் தின்ற உப்புக்காற்று கணினியை மட்டும் ஏன் விட்டுவைக்கும்? கடைசி ஓராண்டாக அது பக்கவாட்டில் ஓர் அறை வாங்காமல் எழுந்ததில்லை. அந்த அறையைச் சரியான இடத்தில் கொடுக்க என் மனைவிக்கு மட்டுமே தெரியும். பழைய புடவையில் அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தவளும் அவள்தான். நான் அதில் செய்தித்தாள் படித்தேன். அவள் கடிதம் எழுதினாள்.

அவளுக்கு ஒரு தங்கை. இருவரும் கான்வென்டில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். தங்கையைப் பிரெஞ்சுப் படையில் இருந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இங்கே அப்படிப்பட்டவர்களைச் சொல்தா குடும்பம் என்போம். அவள் பிரான்சுக்குப் போனாள்; இவள் எனக்கு வாழ்க்கைப்பட்டு முத்தியால்பேட்டைக்கு வந்தாள். சண்டை போடுவது தமிழில், கடிதம் எழுதுவது பிரெஞ்சில் என்பது அவர்களுக்குள் சிறுவயதிலிருந்தே இருந்த ஏற்பாடு. கணினி நின்றுபோனதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களுடைய அம்மா கடைசி நாள்களில் கிடந்தபோது, "சின்னவளுக்குச் சொல்லாத, டிக்கட் போட்டு ஓடியாருவா" என்று அந்த அம்மாவே சொன்னார். என் மனைவி சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள். தங்கை வந்து இறங்கி, "எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். காரியம் முடிந்ததும் போய்விட்டாள். அதன்பிறகு இவள் தொலைபேசியில் அழைத்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள். மூன்றாவது முறை வைத்ததும் இவளும் அழைப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்குப் பிரான்சிலிருந்து வந்த உறவுக்கார அம்மாள், பந்தியில் பாயசத்துக்கும் மோருக்கும் இடையில் சேதியைச் சொல்லிவிட்டுப் போனார்.

"ஒன் தங்கச்சி தலைல துணி கட்டிக்கினுதான் வெளிய வருது. முடியெல்லாம் கொட்டிப்போச்சி. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. வீட்டுக்கு வந்து கணினியின் உறையை எடுத்தாள். பல பிற்பகல்கள், இரண்டே விரல்களால் தட்டி ஒரு கடிதம் எழுதினாள். "எட்டிப் பாத்தீங்கன்னா எழுதமாட்டேன்" என்று எனக்கு உத்தரவு. எழுதி முடித்த பிறகு சுருக்கம் மட்டும் சொன்னாள். அம்மா விஷயத்தில் தான் செய்தது தப்பு என்று எழுதியிருக்கிறாள். அந்த அம்மாள் சொன்னது நிஜமானால் வந்து கூட இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

"பாஸ்போர்ட் நம்பரையும் பிறந்த தேதியையும் கீழ போட்டுடு" என்றேன். அம்மா உயிரோடு இருந்தபோது பிரான்சுக்குப் போய்வரலாம் என்று எடுத்த பாஸ்போர்ட், ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவில் இருந்தது.

"தங்கச்சிக்கு எழுதற கடுதாசில பாஸ்போர்ட் நம்பரா? நல்லாருக்கே! தகப்பன் பேரு, அங்க அடையாளம் எல்லாம் போட வேணாமா?"

"அங்க அடையாளம் வேணாம். அது அவளுக்குத் தெரியும்."

முறைத்துவிட்டு, எண்ணைப் போட்டாள்.

அப்போதெல்லாம் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. கடிதத்தை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பைப் போட்டு, அனுப்பிவிட்டு, உடனே துண்டித்துவிடுவோம். எங்கள் வீட்டில் அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவன் நான். அன்று மாலையும் மோடம் வழக்கம்போல் கீச்சிட்டு அடங்கியது. அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. டப்பென்று ஒரு சத்தம். ரப்பர் எரிவது போல நாற்றம். திரை கறுத்துவிட்டது.

"போச்சா?" என்றாள்.

"எதக் கேக்கற? கம்ப்யூட்டரா, கடுதாசியா?"

"ரெண்டுந்தான்."

கணினி போய்விட்டது. கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

விவகாரம் இதுதான். நமக்கு வந்த கடிதத்தைக் கடவுச்சொல் தெரிந்தால் எந்த பிரௌசிங் சென்டரிலிருந்தும் பார்க்கலாம். நாம் அனுப்பியதன் நகல் மட்டும் நம் வீட்டுக் கணினிக்குள்தான் இருக்கும். உள்வரும் தபால் பொதுச் சொத்து, அனுப்புகைப் பதிவேடு தனிச் சொத்து. அலுவலகத்தில் இப்படி ஓர் ஏற்பாட்டை யாராவது முன்வைத்திருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருப்பேன்.

"இன்னொரு தடவ அடிச்சி அனுப்பிடேன்" என்றேன்.

"மொத தடவ போயிருந்தா? ரெண்டாவது தடவ அனுப்பறது பிச்ச கேக்கறது. நான் கேக்கமாட்டேன்."

பக்கத்துத் தெரு மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை இருந்தது. கடைக்காரர் நாற்பது வயதைக் கடந்தவர். டிவி, டெக் எல்லாம் பார்த்துவிட்டுக் காலத்துக்குத் தகுந்தாற்போல் கணினிக்கு மாறியவர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து.

"கெப்பாசிட்டர் எல்லாம் உப்பிப்போச்சி சார். போர்டே அவுட்டு. ஹார்டு டிஸ்க்கு நல்லாதான் இருக்கும். ஃபார்மேட் அடிச்சிப் புதுசுல போட்டுத் தரேன்."

"ஃபார்மேட் அடிச்சா உள்ள இருக்கறது என்னாவும்?"

"சுத்தமா போயிடும் சார். பொங்கலுக்கு வீடு கழுவி உட்டா மாதிரி இருக்கும்."

ஒரு காகிதத்தில் 'ஃபார்மேட் செய்யக் கூடாது' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, கணினியில் நூலால் கட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் போடலியா சார்?"

பிறகு நான் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கினேன். மாடிக் கடைக்காரர் போர்டு மாற்ற ஒரு தொகை சொன்னார். லாஸ்பேட்டையில் ஒருவர், அந்த வயதுக் கணினிக்குப் போர்டு கிடைப்பதே அதிர்ஷ்டம் என்றார். நேரு வீதி ஷோரூமில் ஒரு பெண், "பழசக் குடுத்துட்டு எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்கலாம் அங்கிள்" என்று சிரித்தாள். பழசை என்ன செய்வீர்கள் என்றேன். எங்கேயோ போய்விடும் என்றாள். நேர்மையான பதில். கழித்த பொருள் எதற்குமே அதைவிடத் துல்லியமான பதிலை நான் கோப்பில் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஒப்பீட்டு அறிக்கை தயாரித்தேன். பழுதுச் செலவு பாதியைத் தாண்டியிருந்தது. விதி தெளிவாக இருந்தது. மகனும் தொலைபேசியில் விதியைப் படிக்காமலே அதையே சொன்னான்: "அப்பா, அதத் தூக்கிக் கடாசுங்க." இருந்தாலும் மனைவி பழுதுபார்க்கத்தான் சொல்வாள் என்று நினைத்தேன். அந்தக் கணினி எழுந்தால்தானே கடிதம் போனதா இல்லையா என்று தெரியும்? அதுவும் ஒரே மிக்சிக்கு நான்கு முறை மோட்டார் மாற்றியவள் அவள்.

அறிக்கையை வாங்கிக்கூடப் பார்க்காமல், "புதுசே வாங்கிடுங்க" என்றாள்.

"பழசு?"

"அங்கயே கெடக்கட்டும். இல்லன்னா எடைக்குப் போடுங்க."

எனக்கு விளங்கவில்லை. சில நாள்கள் கழித்து, அலுவலகத்தில் கிடந்த ஒரு கோப்பு நினைவுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. எங்கள் துறையில் காவலாளியாக இருந்த ஒருவர் காணாமல் போய்விட்டார். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது சட்டம். ஏழு ஆண்டுகள் முடிந்ததும், குடும்ப ஓய்வூதியத்துக்கு எல்லாத் தாள்களையும் தயாராக வைத்துவிட்டு அவர் மனைவிக்கு ஆள் அனுப்பினேன். காலாப்பட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். அந்த அம்மாள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வரவில்லை. நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் வரவில்லை. நான் ஓய்வுபெற்ற நாளிலும் அந்தக் கோப்பு நிலுவையில்தான் இருந்தது.

என் மனைவியும் கோப்பை நிலுவையில் வைத்திருந்தாள். கணினி செத்துக் கிடக்கும்வரை கடிதம் போகவே இல்லை என்று இருக்கலாம். தங்கைக்குக் கிடைக்காத கடிதத்துக்குத் தங்கை எப்படிப் பதில் போடுவாள்?

ஆனால் அங்கே தலையில் துணி கட்டிக்கொண்டு ஒருத்தி இருந்தாள். இந்த நிலுவைக்கு அவள் உடம்பு காத்திருக்குமா என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. நானும் முடிவெடுக்காமல் நாளைக் கடத்தினேன். புதிது வாங்கவில்லை, பழையதைப் பழுதுபார்க்கவும் இல்லை. தினமும் பிரௌசிங் சென்டருக்குப் போய் வந்த தபாலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் எதுவும் கேட்பதில்லை. ஒரு நாள் நானாகவே, "இன்னிக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"வாய் எதுக்கு? நீங்க செருப்பக் கழட்டற விதத்துலயே தெரியுது" என்றாள்.

ஜூலை பிறந்தது. பதினான்காம் தேதி பிரெஞ்சு தேசிய நாள். அதற்கு முந்தைய மாலை, பழைய சொல்தாக்கள் காகித விளக்குகளை ஏந்தி, பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போவார்கள். சிறுவயதில் அக்காவும் தங்கையும் ஒரு விளக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடியவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் என் மனைவி அதைத் தவறவிட்டதில்லை. அந்த ஆண்டு சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்வலத்துக்குப் போவலியா?"

"நான் பண்ணதையே அவ எனக்குப் பண்றா" என்றாள். நான் கேட்டதற்கான பதில் இல்லை அது. "அம்மாக்கு முடியலன்னு நான் சொல்லல. அவளுக்கு முடியலன்னு அவ சொல்லல. லட்டர் போயிருந்திச்சின்னா, படிச்சிட்டும் சும்மா இருக்கான்னு அர்த்தம்."

"போகலைன்னா? அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியேன்னு அவ அங்க நெனச்சிக்கினு இருப்பா."

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்திப் பழக்கமில்லை.

"அலமாரிய ஏலம் உடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறத எடுத்துடணும்னு விதி இருக்கு. ஹார்டு டிஸ்க்க மட்டும் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாக்கலாம். பாத்துட்டுப் புதுசு வாங்கலாம்."

"நான் என்ன உங்க ஆபீசு அலமாரியா?"

வெங்காயத்தை மறுபடி எடுத்து உரித்தாள்.

"நாளைக்கி நானும் கூட வரேன்" என்றாள்.

மாடிக் கடைக்காரர் நான் கட்டிய சீட்டைக்கூடக் கழற்றாமல் வைத்திருந்தார். ஹார்டு டிஸ்க் வட்டை மட்டும் வேறு கணினியில் மாட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். "முடியும் சார். யாரும் கேக்கமாட்டாங்க, நானும் சொல்றதில்ல" என்றார். தம் கடைக் கணினியின் மூடியைத் திறந்து, எங்கள் வட்டைக் கம்பியில் தொங்கவிட்டபடியே இணைத்தார். என்னென்னவோ நகலெடுத்தார். கடைசியில் எங்கள் வீட்டுக் கடிதப் பெட்டி அவருடைய திரையில் திறந்தது. மனைவி முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை இரு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"அனுப்பாம நின்னுதுன்னா இதுல இருக்கும்" என்று ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "காலி. இப்ப இதப் பாருங்க. அனுப்பனதுல இருக்கு பாருங்க, மொத லட்டரு! போயிடிச்சிம்மா! அன்னிக்கே போயிடிச்சி. கவலையே படாதீங்க."

அவருக்குத் தெரியாது பாவம். நல்ல சேதி சொன்னவரின் முகத்தோடு எங்களைப் பார்த்தார்.

"சரிங்க. மூடிடுங்க" என்றாள் மனைவி. எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கிப் போனாள்.

"இப்ப என்னா சார் பண்ணலாம்? புதுசா, ரிப்பேரா?"

"ரிப்பேர்."

"பாதிக்கு மேல ஆவுதேன்னு நீங்கதான சார் பேப்பரெல்லாம் போட்டுக் காமிச்சீங்க?"

"ரிப்பேர்னு சொல்றேன் இல்ல?"

என் உத்தியோகக் காலம் முழுவதும் காரணம் எழுதாமல் ஒரு விதிவிலக்கும் நான் அளித்ததில்லை. அன்று அவரிடம் காரணம் சொல்லவில்லை. புதுக் கணினியில் அனுப்பியவை என்ற பகுதி காலியாக இருக்கும். அதைத் திறந்து திறந்து பார்க்கப்போகிறவளை எனக்குத் தெரியும். அந்தக் கடிதம் இருக்கிற கணினியே வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றியது. அது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. வீடு திரும்பும் வழியில் அவளைப் பிடித்துவிட்டேன்.

வேறு போர்டு மாட்டி, கணினி ஜூலை கடைசியில் வீட்டுக்கு வந்தது. இப்போது அறை வாங்காமலே எழுந்தது. அவள் அதன் மேல் புடவை உறையைப் போட்டாள். அதன்பிறகு தொடவில்லை. காலையில் உறையை எடுத்துத் தபால் பார்த்துவிட்டு மறுபடி மூடுவது என் வேலையாயிற்று. ஒன்றும் வரவில்லை. தொலைபேசி எப்போது அடித்தாலும், முதல் மணிக்கு அவள் தோள் தூக்கிப் போடும். பிரான்சிலிருந்து கெட்ட சேதியாக இருக்கும் என்று நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையே நினைத்தேன். அப்படி ஒரு சேதி வந்தால், அக்கா கேட்டும் பதில் சொல்லாமலே போனாள் என்பது மட்டும்தான் இவளிடம் மிஞ்சும்.

சுதந்திர தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மறுநாள் எங்கள் ஊருக்கு மட்டுமான விடுமுறை. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். அரசு அலுவலகம் ஒன்றும் திறந்திருக்காது என்பதால் அன்றைக்கு நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் தபால் துறை மத்திய அரசுடையது. அதற்கு நம் விடுமுறை கணக்கில்லை. பதினொரு மணி வாக்கில் தபால்காரர் வந்து பெல் அடித்தார்.

"அம்மா பேருக்கு ரிஜிஸ்தர் சார். பிரான்சு. அம்மாதான் கையெழுத்துப் போடணும்."

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். உறையின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்தாள். தபால்காரர் நீட்டிய அட்டையையும் பேனாவையும் விட்டுவிட்டு, உறையை மட்டும் வாங்கி ஓரத்தைக் கிழிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, மொதல்ல கையெழுத்து..."

"கையெழுத்து போட்டுட்டுதான் பிரிக்கணும்" என்று நானும் சொன்னேன்.

"ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க."

உள்ளே அரசுத் தாள் ஒன்று. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அந்த ஊர் மேரியில், அதாவது நகராட்சியில், நேரில் போய் விண்ணப்பித்து வாங்க வேண்டிய சான்று. இன்னார் வெளிநாட்டிலிருந்து வருகிறார், என் வீட்டில் தங்குவார், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்வது. இது இல்லாமல் தூதரகத்தில் விசா விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். இது கையில் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் எண்ணைப் போடச் சொன்ன எனக்கு, அந்தப் பக்கத்தில் ஒருத்தி வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம் என்று மட்டும் ஏன் தோன்றவில்லை என்று புரியவில்லை. வருகிறவர் விவரம் என்ற இடத்தில் என் மனைவியின் பிறந்த தேதி, கீழே அந்த எண். விண்ணப்பம் பெற்ற முத்திரையில் ஜூன் மாதம் இருந்தது. நாங்கள் மாடிக் கடையில் உட்கார்ந்திருந்த நாளில் இந்தத் தாள் ஏதோ ஒரு மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்திருக்கிறது.

தாளோடு ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது. பிரெஞ்சில் எழுதியிருந்ததை அவள் தமிழில் சத்தமாகப் படித்தாள். வாசலில் தபால்காரர் இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

"டாக்டரு வெளிய உடல. நடக்க முடிஞ்சதும் மேரிக்குப் போனேன். வெறுமனே வான்னு எழுதறதுக்குப் பதிலா பேப்பரோட எழுதலாம்னு இருந்தேன். கருவாடு வேணாம், ஏர்போர்ட்ல புடுங்கிடுவான். வடகம் எடுத்துக்கினு வா. சீக்கிரம் வா."

படித்துவிட்டு, துண்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். தாளை என்னிடம் நீட்டினாள். எந்தக் கோப்பில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பது போல.

"அம்மா, கையெழுத்து. பக்கத்துல தேதியும் போட்டுடுங்க, இந்த அட்ட பிரான்சுக்குத் திரும்பிப் போவணும்" என்றார் தபால்காரர்.

பேனாவை வாங்கிப் பெயரை எழுதினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கி என்னாங்க தேதி?"

"ஆகஸ்ட் பதினாறு" என்றேன்.